கடைசி வாரத்தின் கேப்டன்

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைவதுதான் டிரைவரக்காவுக்கு அன்று பெரிய வேலையாக இருந்தது. பித்தப்பையில் இருந்த கல்லை எடுத்து, தையல் பிரித்து, இப்போதுதான் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். பின்னால் வந்த கணவர், பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வழி சொல்பவரைப் போல, "வா, வா, கொஞ்சம் லெஃப்ட்ல வா" என்று கை காட்டிக்கொண்டே வந்தார்.

கண்ணாடிக் கடையின் உள்ளறையில் நான்கு ஆண்கள் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நால்வரும் எழுந்து நின்றார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்காக அங்கே யாரும் எழுந்ததில்லை. நல்ல நாற்காலியை யார் பிடிப்பது என்று சண்டைதான் நடந்திருக்கிறது.

"என்னப்பா, நான் செத்துட்டேன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய தம்பி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில், பெரிதாகத் தொடங்கி வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள் கொண்ட பலகை வழக்கம்போல வெளிச்சத்தில் இருந்தது. அதன் கீழே மேசைமேல், கண்ணாடி துடைக்கும் துணி போர்த்திய ஒன்று நின்றது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். யாரோ அதைப் பார்க்கக் கூசி மூடி வைத்திருக்கிறார்கள் என்பதும் புரிந்தது.

ஐந்து பேரும் சேர்ந்து பல வருஷமாக ஆடும் ஆட்டத்தின் கோப்பை அது. உண்மையான கால்பந்தை வேறு யாரோ ஆடுவார்கள். இவர்கள் அந்த வீரர்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். தன் அணியில் இருப்பவன் சனிக்கிழமை மைதானத்தில் கோல் போட்டால் இவர்களுக்குப் புள்ளி. யாரைக் கேப்டன் என்று சொல்கிறார்களோ அவனுடைய புள்ளி இரட்டிப்பாகும். வெள்ளிக்கிழமை மாலை கடை அடைத்ததும் இந்த அறைக்கு வந்து, ஒவ்வொருவராக நின்று, தன் அணியை வாயால் சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடாது, சீட்டில் எழுதி அனுப்பக்கூடாது. கேப்டன் பெயரைக் கடைசியில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

ஆளுக்கொரு வழி இருந்தது. பல் டாக்டர் சிரிப்பு அழகாக இருக்கும் வீரர்களை எடுப்பார். கடைசி இடத்தில் சந்தோஷமாக இருப்பார். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான தம்பி வாரத்துக்கு வாரம் மொத்த அணியையும் கவிழ்த்துப் போட்டு அடுக்குவான். கணக்கு வாத்தியார் சட்டம் பேசுவார், புள்ளி கூட்டுவார். அப்புறம் கண்ணாடிக்காரர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். எல்லா ஆட்டத்தையும் பார்ப்பார், நன்றாக யோசித்து எடுப்பார், எப்போதும் இரண்டாவதாக வருவார். ரன்னர் அப் ரன்னர் அப் என்று சொல்லிச் சொல்லி அவர் பெயரே 'ரன்னர்' ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதருக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பல் டாக்டர் வாரம் தவறாமல் வியப்பார்.

துணிக்குள் இருந்த கோப்பையைச் செய்தவரும் அவர்தான். சாதாரண எவர்சில்வர் குவளை ஒன்றுக்கு, பழைய மூக்குக்கண்ணாடிகளின் காதுக் காம்புகளை இரு பக்கமும் திருகிக் கைப்பிடி வைத்திருந்தார். கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தால் குவளை கண்ணாடி மாட்டிக்கொண்டு யோசிப்பதுபோல இருக்கும். அது எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்திருக்கிறது. ஒரு வருஷம் தவறிப்போய்ப் பல் டாக்டர் வீட்டில்கூட. செய்தவர் வீட்டுக்கு மட்டும் போனதில்லை.

கடைசி வாரம் வந்தபோது டிரைவரக்கா ஏழு புள்ளி முன்னால் இருந்தாள். அடுத்து ரன்னர். வியாழக்கிழமை மாலை டிரிப்பை முடித்து பஸ்ஸை டிப்போவில் விடும்போதே வலி பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஆபரேஷன். சாயங்காலம் அவளால் கண்ணைத் திறந்து கணவர் யார் என்று சொல்ல முடிந்ததே பெரிய விஷயம்.

வராதவருக்கு என்ன செய்வது என்று அவர்களிடம் ஒரு விதி இருந்தது. வாத்தியார் போட்ட விதி. பட்டியலில் அவருக்கு அடுத்தபடி யார் நிற்கிறாரோ அவர்தான் வராதவரின் அணியையும் சொல்ல வேண்டும். அதாவது, போட்டியாளன் கையில்தான் உன் அணி. சிநேகிதனிடம் கொடுத்தால் அலட்சியமாக இருப்பான், எதிரியிடம் கொடுத்தால் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவனால் தப்புச் செய்ய முடியாது என்பது வாத்தியாரின் கணக்கு. அதுவரை அந்த விதி சின்னச் சின்ன வாரங்களில்தான் பயன்பட்டிருந்தது.

அன்று ரன்னர் இரண்டு முறை எழுந்து நின்றார். முதலில் தன் அணி. கேப்டன், 'நெட்டை' என்று இவர்கள் கூப்பிடும் கோல் மெஷின். அந்த வாரம் யாராக இருந்தாலும் அவனைத்தான் போடுவார்கள். பிறகு டிரைவரக்காவின் அணி. அதிலும் நெட்டை இருந்தான். ஆனால் கேப்டன் அவன் இல்லை. இடது ஓரத்தில் தடுப்பாட்டம் ஆடும், நரை விழுந்த ஒரு வீரனின் பெயரைச் சொல்லிவிட்டு ரன்னர் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை நெட்டை இரண்டு கோல் போட்டான். ஓரத்துக்காரன் ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வெளியே வந்தான், கூட்டம் கை தட்டியது, அவ்வளவுதான். ரன்னர் நான்கு புள்ளியில் ஜெயித்தார்.

இதையெல்லாம் தம்பி ஆஸ்பத்திரிக்கே வந்து அவளிடம் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது வருஷமும் தொடர்ந்து அக்கா வாங்கியிருக்க வேண்டிய கோப்பை, பட்டப்பகலில் பறிபோய்விட்டது என்றான். அவள், நான் வருகிற வரைக்கும் யாரும் எதையும் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். ரன்னர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

இப்போது ரன்னர் அவள் முகத்தைப் பார்க்காமல், மேசை இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப்படி தப்பு எதுவும் இல்லை என்று ஆரம்பித்தார். ரன்னருக்குச் சொல்ல உரிமை இருந்தது, சொன்னார். ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே என்று அவர் இழுக்கும்போதே தம்பி குறுக்கே விழுந்தான்.

"என்ன வாத்தியாரே மென்னு முழுங்குறீங்க? தன் டீமுக்கு மட்டும் நெட்டை கேப்டன். எங்கக்கா டீமுக்கு, நாளைக்கு ரிட்டயர் ஆகப்போற கிழவன். புத்தியெல்லாம் தனக்கு, கிறுக்கெல்லாம் எங்கக்காவுக்கா?"

ரன்னர் இழுப்பறையை மூடினார். "என் புத்தியை அவங்க டீம்ல போட்டா அது என் டீம்பா. அப்புறம் என் டீமும் என் டீமும் மோதிக்கணும். அவங்க எங்க இருக்காங்க அதுல?"

"நல்லாப் பேசுறீங்க."

"பேசத் தெரிஞ்சா அன்னிக்கே பேசியிருப்பேன். கப்பை நான் தொடலை. அது அக்கா வீட்டுக்கே போகட்டும்." அவர் குரல் இன்னும் மெலிந்தது. "அவங்க கடைசி வாரம் எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சேன்."

பல் டாக்டர் மட்டும் ஆமாம் என்று தலையாட்டினார். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீசனின் கடைசி வாரத்தில், ஆட்டத்தைவிட்டு ஓய்வு பெறப்போகிற யாராவது ஒருவனைத்தான் டிரைவரக்கா கேப்டனாகப் போடுவாள். முதல் வருஷம் ஒரு வயசான கோல்கீப்பரைப் போட்டுக் கேலிக்கு ஆளானாள். டிப்போவில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று அன்று அவள் விளக்கியிருந்தாள். ஓய்வு பெறுகிற டிரைவர் கடைசி டிரிப் முடித்து உள்ளே வரும்போது, நிற்கிற பஸ்களில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவை ஹாரன் அடிப்பார்கள். மேலதிகாரிகள் திட்டுவார்கள், அடிப்பவர்கள் கேட்க மாட்டார்கள். "இது என்னோட ஹாரன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகும் வருஷா வருஷம் அடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பல்லாம் அக்கா ஒண்ணு எங்கேயோ முன்னால இருக்கும், இல்ல எங்கேயோ பின்னால கிடக்கும். ஹாரன் அடிச்சா நஷ்டம் இல்ல" என்றான் தம்பி. "இந்தத் தடவை ஏழு புள்ளி. ஏழே ஏழு. எங்கக்கா என்ன பைத்தியமா? அக்கா, நீயே சொல்லு. நீ இருந்திருந்தா யாரைப் போட்டிருப்பே?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கணவர் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவரக்கா சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். கடைசி வரியை அவளால் எப்போதும் படிக்க முடிந்ததில்லை. வியாழக்கிழமை ராத்திரி அந்த வார்டில் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. கையில் ஊசி, பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகிக்கொண்டிருந்தார்கள். வலி கொஞ்சம் விட்டபோதெல்லாம் அவள் யோசித்தது கேப்டனைப் பற்றித்தான். அந்த ஓரத்துக்காரனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மைதானத்தின் இடது கோட்டை ஒட்டி மேலே போவான், கீழே வருவான், மேலே போவான். ஒரே ரூட்டில் வருஷக்கணக்காக ஓடுகிறவன். அவனுக்கு ஹாரன் அடிக்காமல் எப்படி? ஆனால் மூன்றாவது கோப்பை. அலமாரியில் அதற்கென்று துடைத்து வைத்த இடம். நெட்டையைப் போட்டால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஒரு தடவைதானே. ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போதும் கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போக, நெட்டை, ரூட்டுக்காரன், நெட்டை, ரூட்டுக்காரன் என்று எண்ணிக்கொண்டே போனாள். எதில் முடிந்தது என்று தெரிவதற்குள் மயக்க மருந்து வந்துவிட்டது.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ரூட்டுக்காரனைத்தான் போட்டிருப்பேன் என்று சொன்னால் ரன்னர் காப்பாற்றப்படுவார். ஆனால் அது முழு உண்மை ஆகாது. அவருக்குப் பொய்யால் வரும் கோப்பை வேண்டாம் என்றும் அவளுக்குத் தோன்றியது.

"ரன்னர், ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "என் டீமுக்கும் நெட்டையைப் போட்டிருந்தா உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. கப் போயிருக்கும், பேர் நின்னிருக்கும். அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குச் சாயங்காலம் பூரா நெட்டை பேரைத்தான் வாயில வச்சிருந்தேன். எழுந்து நின்னதும் சொல்ல வரலை. அந்த ஓரத்துக்காரனை நான் மறந்துடுவேன்னு எப்படி நினைச்சீங்கன்னு நீங்க வந்து கேப்பீங்கன்னு தோணிச்சு. அதான் ஆஸ்பத்திரிக்கும் வரலை. ஜெயிச்சுட்டு எந்த முகத்தோட வர்றது?"

டிரைவரக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டினாள், சிக்னலில் குறுக்கே வருபவனை நிறுத்துவதுபோல.

"நான் முடிவு பண்ணலைடா. கடைசி வரைக்கும் ரெண்டு மனசாத்தான் கிடந்தேன். நீ சொன்ன மனசும் எனக்கு இருந்துச்சு. இவர் என்னோட நல்ல மனசைப் பார்த்து எடுத்திருக்கார். எனக்கே அது ஜெயிக்குமான்னு தெரியாது. இவருக்குத் தெரிஞ்சிருக்கு."

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு, "அப்ப நான் கத்துனதெல்லாம் வேஸ்டா?" என்றான்.

"வேஸ்ட் இல்லடா. எனக்காகக் கத்தினே. வீட்டுக்கு வா, மாமாவை உனக்குப் பிடிச்சதா ஆக்கிப் போடச் சொல்றேன்." பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கும் அவள் கணவர், தன்னைக் கேட்காமல் தன் பெயரில் விருந்து அறிவிக்கப்படுவது புதிதல்ல என்பதுபோல நின்றார்.

அவள் எழுந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மேசைவரை நடந்து, துணியை எடுத்தாள். குவளை தன் கண்ணாடிக் காம்புகளோடு பளபளத்தது. ரன்னர் வெட்கப்பட்டு ஓரடி பின்வாங்கினார். அவ்வளவு பெரிய உடம்பை ஒளிக்க அந்த அறையில் இடம் இல்லை.

"பிடிங்க. தையல் போட்ட உடம்பு, ரொம்ப நேரம் தூக்கி நிக்க முடியாது."

ரன்னர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் உடனே முகம் சுளித்தார். இடது பக்கக் கைப்பிடி ஆடியது. இத்தனை வீட்டு அலமாரிகளில் ஏறி இறங்கியதில் திருகு தளர்ந்திருந்தது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இழுப்பறையைத் திறந்து, கண்ணாடிக்கு மரை முடுக்கும் அந்தச் சின்னஞ்சிறு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு திருக ஆரம்பித்தார். கோப்பை மடியில் வழுக்கிக்கொண்டே இருந்ததால் திருகின் வாயில் நுனி நிற்கவில்லை.

வாத்தியார் மெல்ல, இனி இவரை என்னவென்று கூப்பிடுவது, விதியில் அதற்கு வழி இல்லையே என்றார். பல் டாக்டர் பெயரை மாற்றக்கூடாது, பழகிவிட்டது என்றார். தம்பி இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ரன்னர் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"குடுங்க சார், நான் பிடிச்சுக்கறேன். நீங்க திருகுங்க" என்றான்.

டிரைவரக்கா ஷட்டர் பக்கம் நடந்தாள். மறுபடி குனிய வேண்டும். கணவர் கை காட்டத் தயாராக முன்னால் போனார். குனிவதற்கு முன் அவள் திரும்பி, அந்தக் கூட்டத்தைப் பார்த்து, உதட்டைக் குவித்து, பஸ் ஹாரன் மாதிரி நீளமாக ஒரு தடவை சத்தம் கொடுத்தாள். தையல் போட்ட இடம் சுரீரென்றது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.