சங்கரம்மாள் புளுகு

தென்காசியில் எங்கள் தெருவில் சங்கரம்மாள் பொய் சொல்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை. புளுகுதா என்றுதான் சொல்வோம். குற்றாலத்துக் குரங்கு அவள் சேலையை அலசிக் காயப்போட்டது என்பாள். கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரிப்போம். அவளோடேயே திரிகிற உலகம்மைதான், "இன்னொண்ணு விடுட்டி" என்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடிச் சாரலில் உலகம்மைக்கு ஆலங்குளத்து ஜவுளிக்கடை வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. "வீட்டுல சோடிச்சு உக்கார வைக்காண்டாம். அருவிக்கு வரச் சொல்லுங்க. ஈரத்தலையோட பாத்தாத்தான் முடியும் நெறமும் தெரியும்" என்று பையனுடைய அம்மா, அந்த ஜவுளிக்கடை ஆச்சி, சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கென்று பார்த்து உலகம்மை வீட்டுக்குத் தூரம்.

"நீ போயி ஆச்சி காதுல சொல்லீரு, சங்கரா. அடுத்த வாரம் வாரேன்னு சொல்லு."

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நான் பாத்துக்கிடுதேன்."

சங்கரம்மாள் தன் தங்கச்சி குழல்வாய்மொழியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அப்புறம் ஆலங்குளத்திலிருந்து பேச்சுமூச்சு இல்லை. ஐப்பசியில் அந்தப் பையனுக்கும் குழலுக்கும் கல்யாணம்.

"அவங்களுக்கு இவளைப் பிடிச்சுப்போச்சு. நான் என்னட்டி செய்ய?"

உலகம்மை அழுது முடித்து, கல்யாணத்துக்குப் பூவும் கட்டிக் கொடுத்தாள்.

மறுவீட்டுக்கு வந்தவர்களோடு எல்லோரும் அருவிக்குப் போனோம். உலகம்மை தலையைக் கொடுத்ததுதான் தாமதம், ஆச்சி கத்தினாள்.

"ஏட்டி, வெளிய வா! யாராவது அவளைப் புடிங்க!"

"என்ன ஆச்சி?"

"தலையில தண்ணி விழுந்தா ஒனக்கு வலிப்பு வருமே!"

"எனக்கா? யாரு சொன்னா?"

ஆச்சி சங்கரம்மாளைப் பார்த்தாள். சங்கரம்மாள் குனிந்து ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உலகம்மை கேட்டாள். "ஏன்ட்டி?"

"சும்மா ஒரு புளுகு. ஆச்சி நம்புவான்னு கண்டேனா?"

"குரங்குக் கதைய மொத மொத எங்கிட்டதானே சொன்னே? இத ஏன் சொல்லல?"

"குழலுக்கு வயசு ஏறுதுல்லா..."

உலகம்மை பஸ்ஸில் என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

தை மாசம் செங்கோட்டையிலிருந்து உலகம்மையைப் பெண் கேட்டு வந்தவர்கள், "பொண்ணுக்கு வலிப்பாமே?" என்று விசாரித்துவிட்டு, வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

மறுநாள் கிணற்றடியில் சங்கரம்மாள் ஆரம்பித்தாள். ஐந்தருவியில் கரடி ஒன்று சீயக்காய் தேய்த்துக் குளித்ததாம். முதுகுக்கு இவளைத்தான் தேய்க்கச் சொன்னதாம். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேட்டியா உலகு, எப்படிப் புளுகுதான்னு!" என்றேன் நான்.

உலகம்மை கயிற்றை இழுத்துக்கொண்டே, "பொய் சொல்லுதா" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சங்கரம்மாள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரடிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நான் என் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தேன்.