பீப் ஒலிக்குப் பின் உங்கள் பெயர்

"பீப் ஒலிக்குப் பின் உங்கள் பெயரைச் சொல்லவும்" என்றது தொலைபேசி. பீப் என்றதும் எனக்கு வாய் வரவில்லை. பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயசில் ஒருத்தி சொந்தப் பெயரைச் சொல்லத் தெரியாமல் முழிக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா? ரிசீவரை வைத்துவிட்டேன்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எனக்குப் புகார்ப் பிரிவு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு என் மேஜைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பெயரைக் கேட்பேன். தன் பெயரைச் சொல்லும்போது எவ்வளவு பதறுகிறவருக்கும் மூச்சு கொஞ்சம் நிதானப்படும். இப்போது புதிதாக ஓர் ஏற்பாடு. இணைப்பு கிடைக்கும் முன்னால் எங்கள் பெயர் எங்கள் குரலிலேயே அவர்களுக்குக் கேட்குமாம். "சாயங்காலத்துக்குள்ள பதிஞ்சுடுங்க மேடம், உங்களுது மட்டும்தான் பாக்கி. பேரைச் சொல்றதுக்கு என்ன நல்ல நேரமா பாக்கணும்?" என்று சூப்பர்வைசர் வந்து நின்று சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்ப் பக்கம் என் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. லாரி ஓட்டிய அப்பா, எங்கோ ஒரு தூரத்து ஊரில் ஒரு பெண் தன் குழந்தையைக் கூப்பிடக் கேட்டு, வழியெல்லாம் மறந்துவிடாமல் சொல்லிக்கொண்டே கொண்டுவந்த பெயர். அர்த்தம் அவருக்கும் தெரியாது. நடு எழுத்தை அடித்துச் சொல்ல வேண்டும், சட்டென்று முடித்துவிட வேண்டும். கல்யாணமான புதிதிலேயே என் கணவர் அதைத் திருத்தினார். "லாரி ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் மெதுவா, இழுத்துச் சொன்னா நல்லாருக்கும்ல?" நடுவை மழுக்கி, கடைசியை இழுத்து, நண்பர்களிடம் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்தினார். "எவ்வளவு செல்லமா கூப்பிடுறாரு பாரேன்" என்று பெரியம்மா பூரித்துப்போனாள். நானும்தான். பிறகு ஊரெல்லாம் அதே இழுப்பு, என் வாயிலும் அதே இழுப்பு. போன வருஷம் அந்த மனிதர் இன்னொருத்தியோடு போய்விட்டார். விவாகரத்தும் ஆகிவிட்டது. கட்டில், பீரோ எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம். இந்த இழுப்பை மட்டும் என் வாயிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார் மகராசன்.

இந்தப் பாழாய்ப்போன கருவியிலாவது அப்பா சொன்ன மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று வீம்பு வந்தது. ஆனால் அப்பா எப்படிச் சொன்னார்? அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்ன கழுதை, ஆபீஸ் நேரத்துல?"

"அப்பா என் பேரை எப்படிக் கூப்பிடுவாரு? ஒரு தடவை சொல்லுண்ணா."

சொன்னான். என் கணவரின் அதே இழுப்போடு.

"அது அவரு சொல்றது. நான் அப்பா சொன்னதைக் கேக்குறேன்."

"எனக்கு அது மறந்தே போச்சு. மாப்பிள்ளைக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சதும் வீட்டுல எல்லாரும் மாத்திக்கிட்டோம். உன் நல்லதுக்குத்தான். அப்பாவுக்குத்தான் பாவம், நாக்கு வளையவே இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. மாப்பிள்ளை எதிர்ல பழையபடி சொல்லிட்டா உனக்குச் சங்கடமாயிடும்னு, அப்புறம் பேச்சுக்குப் பேச்சு 'அம்மா'ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு."

வாம்மா. சாப்பிட்டியாம்மா. போயிட்டு வாம்மா. கல்யாணத்துக்கப்புறம் எங்கப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பெத்த தாயா நினைச்சார் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணா" என்றேன். "சொன்னா நீ அழுதிருப்பே" என்றான். வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன்.

அந்தக் கோபத்தோடேயே கருவியை எடுத்து, பீப் என்றதும் நடுவில் அடித்துச் சொல்லி முடித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் யாரையோ அதட்டுவது போல் இருந்தது. அதுவே போதும் என்று பொத்தானை அமுக்கினேன்.

மறுநாள் முதல் அழைப்பு, மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டிலிருந்து. உள்ளே ஒரே ஓர் ஆள். விளக்கும் அணைந்துவிட்டது. நான் பெயரைக் கேட்பதற்குள் அவர் என் பெயரைச் சொல்லிவிட்டார். பதிவில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அடித்து, சட்டென்று முடித்து. "இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார், பயப்படாதீங்க."

நான் கொஞ்சம் நிறுத்தினால் போதும், உடனே என் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா இப்படித்தான் கூப்பிட்டிருப்பார், வாசலில் லாரியை நிறுத்திவிட்டு இறங்கும்போதே.

என் கைபேசியில் மெக்கானிக்கின் குரல் வந்தது. "வந்துட்டேன்க்கா. கதவைத் திறக்கப்போறேன், அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க." உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இருட்டுக்குள் அந்த மனிதர் சுவரைத் தட்டித் தட்டி, குரல் உடைய, என் பெயரை இன்னொரு முறை கூப்பிட்டார்.