அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ

எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்பார்கள். அதற்கு வேண்டாம் என்றே சொல்லித் தொலைக்கலாம்.

என் ஓரகத்திக்கு எட்டாம் மாதம். விடிந்ததிலிருந்து மண்டையைப் பிளக்கும் தலைவலி. முகமெல்லாம் வீக்கம். "கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதுக்கா" என்றாள். இப்படி இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கிராமத்துக்கு வரும் நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாமியாரும் தலையை ஆட்டிக் கேட்டவர்தான்.

"அத்தை, இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"போகலாம்மா, யாரு வேணாங்கறா? மாமாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

மாமனார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தாராளமா போகலாம். ஆனா அங்க வயித்தைக் கிழிச்சுட்டா நாளைக்கு என்னைத்தானே கேப்பான்? அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

அவன் என்பது என் கொழுந்தன், இவள் புருஷன். லாரி ஓட்டுகிறவன். விடாமல் போன் அடித்து ஒருவழியாகப் பிடித்தேன்.

"இதெல்லாம் எனக்கென்ன அண்ணி தெரியும்? அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். நல்லா இருக்குடா உங்க நியாயம்! இவர்கள் ஒருவரை ஒருவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லுடி. போகலாமா?"

"எனக்கென்னக்கா தெரியும்? அவங்க சொல்லட்டும்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பாவம், அவளைச் சொல்லி என்ன செய்ய! கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்தேன். வெங்காய மூட்டையோடு போன லோடு ஆட்டோவை மறித்து, டிரைவர் பக்கத்தில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் மூட்டைமேல் ஏறிக்கொண்டேன். அத்தை கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். நான் திரும்பவே இல்லை.

பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. உடனே ஊசி போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றார். அதற்குள் அங்கிருந்த நர்ஸ் ஒரு தாளும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"புருஷன் எங்க? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கையெழுத்து போடணும்."

"லாரியில இருக்கான். குடுங்க, நான் போடறேன்."

"நீங்க யாரு?"

"ஓரகத்தி."

"அதெல்லாம் செல்லாதும்மா. மாமனார், மாமியார் யாரையாவது வரச்சொல்லுங்க."

அடக் கடவுளே, இங்கேயுமா! அந்த நர்ஸைக் கடித்துக் குதறியிருப்பேன். அதற்குள் ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் என் முந்தானையை இழுத்தாள்.

"சிஸ்டர், வலி எனக்குத்தானே? நான் போட்டா செல்லாதா?"

டாக்டரம்மா நர்ஸ் கையிலிருந்த தாளை வாங்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார். வீங்கிய விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. நான் பிடித்துவிடப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை முழுசாக எழுதினாள்.