சலூன் கூரையில் இரண்டு கால்கள்

தையல்காரியின் கால்கள் சலூன் கூரையில் முதன்முதலாகத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாடியில் அவள் தையல் கடை, கீழே சலூன். அந்த வாரம்தான் பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்தன, மாமனார் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார், மகளுக்குக் காய்ச்சல் வேறு. மூச்சு முட்டி எழுந்து நின்றவள் சிமெண்ட் தரைக்குள் கணுக்கால் வரை இறங்கிவிட்டாள். கீழே ஒருவருக்குப் பாதி மீசை வெட்டியிருந்த சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார், மின்விசிறியை நிறுத்தினார். ஓடுகிற விசிறிக்குப் பக்கத்தில் கால் தொங்கினால் வேறென்ன செய்வது?

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கூட்டம் மாடியேறியது. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டம். கணவன் கையைப் பிடித்து இழுத்தான். இழுக்க இழுக்க அவள் இறங்கினாள். “உனக்கு மட்டுமா வேலை? நாங்கெல்லாம் பாக்கலையா?” என்றாள் நாத்தனார், முழங்கால் உள்ளே போனது. “சீ, இதுக்கெல்லாமா?” என்று தையல்காரி தன்னையே திட்டிக்கொண்டாள், இடுப்பும் போனது. நல்லவேளையாக, தானே தைத்த தொளதொள கால்சட்டை போட்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் போனால் விழவேண்டியதுதான். தன்னைக் கட்டிக்கொண்டு தூங்கும் மகள் என்ன ஆவாள் என்று நினைத்தாள்.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

“அக்கா, இப்ப இடுப்பு வரைக்கும் வந்திருக்கீங்க.”

அதில் கண்டிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. முன்பக்கம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரல்.

“ஆமா, இடுப்பு வரைக்கும்,” என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. “பயமா இருக்கு.”

“சரிக்கா.”

இறங்குவது நின்றது. யாரும் இழுக்காமலே, பொழுது சாய்வதற்குள் தரை அவளை மெல்ல மேலே விட்டது. அந்த ஒரு ‘சரிக்கா’வுக்கு அவள் கடைசிவரை நன்றியோடு இருந்தாள். சலூன்காரரின் சட்டைகளுக்கு மட்டும் காலர் கிழிந்ததே இல்லை.

அதற்குப் பிறகும் இறங்கத்தான் செய்தாள், சீருடைக் காலத்தில் நிச்சயமாக. அப்போதெல்லாம் கத்தரியை வைத்துவிட்டு, “இப்ப கணுக்கால்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிற்பாள். சலூனில் யாரும் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஏன் விசிறி ஓடவில்லை என்று யாராவது கேட்டால் அவர் ஊருக்குப் புதிது. மகள் பள்ளி விட்டதும் முதலில் சலூனுக்குள் எட்டிப் பார்ப்பாள். கால் தெரிந்தால் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

மகள் பெரிய பரீட்சைக்குப் படித்த வருடம், கூரையில் வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. சலூன்காரர் விசிறியை நிறுத்தினார். மேலே இழுக்கப் பாய்ந்த நாத்தனாரைத் தடுத்துவிட்டு, தையல்காரி படியிறங்கிச் சலூனுக்குள் வந்து அண்ணாந்து நின்றாள்.

“கண்ணு, கணுக்கால் வரைக்கும் வந்திருக்க.”

மேலே புத்தகத்தை மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

“ஆமாம்மா. கணுக்கால்.”

“சரிடா கண்ணு.”

சலூன்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டார். தையல்காரி உட்கார்ந்தாள்.