பூசணிக்கு எதிராக ஒரு தீர்மானம்

குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. பேசவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். முதல் மாடியில் இருக்கும் பூசணி வெளியேற வேண்டும்.

பூசணி ஒரு ராட்வீலர் நாய். கறுத்த உடம்பு, முழுப் பூசணிக்காய் மாதிரி தலை. அதை வளர்ப்பவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே பாதி ஊரைக் காப்பாற்றியவள் என்பதால் எல்லாருக்கும் அவள் பிரேக்கக்கா. அவள் நாக்குக்கு மட்டும் யாரும் பிரேக் வைக்கவில்லை.

முன்பு அந்த நாயை வைத்திருந்தவர் ஒரு பழைய இரும்புக் கடையில் கட்டிப்போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். சங்கிலி கழுத்தில் புண்ணாகிக் கிடந்ததைப் பார்த்து இவள்தான் அவிழ்த்துக் கூட்டிவந்தாள். இப்போது இவளும் கைவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. இவளோ வாடகைக்கு இருப்பவள். தீர்மானம் நிறைவேறினால், நாயா வீடா என்று வீட்டுக்காரர் கேட்டுவிடுவார்.

சங்கத் தலைவர் எழுந்தார். மடியில் இருந்த வெள்ளைப் பொமரேனியனும் அவரோடு எழுந்தது. அதன் பெயர் பட்டு.

"தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்லம்மா. அந்த இனமே அப்படி. ரத்தத்துலயே இருக்கு."

"எந்த ரத்தத்துல சார்? டெஸ்ட் எடுத்துப் பாத்தீங்களா?" என்றாள் பிரேக்கக்கா.

நாலாவது மாடிப் பெண் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கிண்டல் பண்ணாதீங்கக்கா. உங்க நாயைப் பாத்தா என் பொண்ணுக்குக் கை கால் நடுங்குது. எனக்கும்தான்."

அந்தப் பயம் நடிப்பில்லை என்று பிரேக்கக்காவுக்குத் தெரியும். ஆனால் தலைவரைப் பார்த்தபோது எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"சரி. இந்தக் கட்டடத்துல நாய்கிட்ட கடி வாங்கினவங்க யாரு? கூச்சப்படாம காலைக் காட்டுங்க."

முதலில் வாசல் காவலாளி கால்சட்டையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். இரண்டாவது மாடிப் பல் டாக்டர், "இது விளையாட்டுக்குக் கடிச்சது" என்று முனகிக்கொண்டே சாக்ஸை இறக்கினார். குழாய் ரிப்பேர்க்காரர் கெண்டைக்காலைத் திருப்பிக் காட்டினார். கடைசியில் தலைவரின் மனைவியே புடவை ஓரத்தை லேசாகத் தூக்கினாள். எல்லாம் பட்டுவின் கைங்கரியம். தலைவர் வீட்டுச் செல்லமாயிற்றே என்று ஆளாளுக்குச் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் மருந்து போட்டிருக்கிறார்கள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

பிரேக்கக்கா ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். அதற்குள் பல் டாக்டர் சாக்ஸை ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். "அப்போ ஒண்ணு பண்ணலாம். பூசணி கடிச்சதில்ல, இருக்கட்டும். கடிக்கிற பட்டுவை அனுப்பிடலாம்."

"கரெக்ட்!" என்றார்கள் நாலைந்து பேர். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வலியெல்லாம் அந்தக் குரல்களில் இருந்தது. தலைவர் பட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பூசணிக்கு ஆபத்தில்லை. தன்னைத் துரத்தப் பார்த்தவருக்கு நல்ல பாடமும் ஆச்சு. அந்த ஆசை பிரேக்கக்காவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவளால் உட்கார முடியவில்லை.

"பட்டு எங்கயும் போகாது" என்றாள்.

"என்னக்கா, உங்களுக்காகத்தானே பேசறோம்?"

"எனக்காக யாரும் பேச வேண்டாம். ஓட்டத் தெரியாதவன் இடிச்சா, காரையா ஜெயில்ல போடறோம்? சார் அதுக்கு ஒரு கயிறுகூட வாங்கல. கடிச்சா 'ஐயோ செல்லம்'னு தூக்கி முத்தம் குடுத்தார். அது என்ன பண்ணும் பாவம்? கடிச்சா முத்தம் கிடைக்கும்னு கத்துக்கிச்சு."

தலைவர் தலை கவிழ்ந்தது.

"பூசணி கடிச்சா பட்டு கடிச்ச மாதிரி இருக்காது. சதை போயிடும். அது எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் வெளிய வந்தா வாய்க்குக் கூண்டு, கையில குட்டைக் கயிறு. அதையே எல்லாருக்கும் சட்டமாப் போடுங்க. பெருசோ சின்னதோ, எல்லா நாய்க்கும் கயிறு. கடிக்கிறதுக்கு வாய்க்கூண்டு. இனத்தைச் சொல்லித் துரத்துற தீர்மானம் போட்டீங்கன்னா, நான் ஒத்துக்க மாட்டேன். அது என் நாயா இருந்தாலும் சரி, சார் நாயா இருந்தாலும் சரி."

தீர்மானத்தைத் தலைவர்தான் முன்மொழிய வேண்டும். அவர் பட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"எல்லா நாய்க்கும் கயிறு," என்றார் கடைசியில். "முதல் கூண்டு... பட்டுவுக்கு."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நாலாவது மாடிப் பெண் மட்டும் கையைத் தூக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் மகளோடு அங்கேயே நின்றாள்.

"நீங்க பேசினது நியாயம்தான்க்கா. ஆனா என் பயம் போகல."

"போக வேண்டாம்மா. எனக்கே இருக்கு."

"உங்களுக்கா?"

"அந்தப் பயத்தோடதான் தினமும் கயித்தைப் பிடிக்கிறேன். நானும் பூசணியும் படியிறங்கும்போது குரல் குடுக்கறேன், நீங்க போனதுக்கு அப்புறம் வர்றோம். என்னிக்காவது அவன் கடிச்சா, நான் கடிச்சதா வெச்சுக்கிட்டு என்னை வெளிய தள்ளுங்க. ஆனா அவன் கடிக்காத கடிக்கு அவனை அனுப்ப மாட்டேன்."