ஓட்டுபவர் பெயர்

வண்டி கவிழ்ந்தால் காப்பீடு கிடையாது என்று நோலீன் படித்துச் சொன்னபோது, டெஸ் அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். கூரை இடித்தால் கிடையாது. அடிப்பாகம் உரசினால் கிடையாது. தார் போடாத சாலையில் இறங்கினால் கிடையாது. ஊர் எல்லைக்கு வெளியே, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினால், என்ன நடந்தாலும் கிடையாது.

"அப்ப எதுக்குத்தான் குடுப்பான்? நிறுத்தி வச்ச வண்டி மேல காக்கா எச்சம் போட்டா குடுப்பானா?"

"கூரைல போட்டா அதுவும் கெடையாது," என்றாள் நோலீன்.

டெஸ் சிரித்தான். அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. மகள் டோனா அச்செடுத்து அனுப்பிய காப்பீட்டுத் திட்டங்கள் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தன. ஒன்று, அவர்கள் வடக்கே போக எடுக்கவிருந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள வேனை வாடகைக்கு விடுகிறவர்களே கவுன்டரில் விற்பது. மற்ற இரண்டும் பயணக் காப்பீடு. ஆஸ்பத்திரிச் செலவு, ரத்தான பயணம், வாடகை வண்டி அடிபட்டால் நம் கையிலிருந்து முதலில் கட்டவேண்டிய தொகை, எல்லாம் அதில் வரும் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தை மீறாதவரை என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். அதில் ஒன்று, இவர்கள் எடுக்கப்போகும் அளவு கனமான வேனை வண்டியாகவே சேர்த்துக்கொள்ளவில்லை. நோலீன் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் கோடு போட்டுப் படித்தாள். நாடாளுமன்றத்தில் சட்டம் போடுகிறவர்கள்கூட இத்தனை நாள் படிக்கமாட்டார்கள் என்று டெஸ் பக்கத்து வீட்டுக்காரனிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. அவள் பணத்துக்குப் பயப்படுகிறாள் என்று அவன் நினைத்தான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாற்பது வருடம் ரோடு டிரெயின் ஓட்டியவன் டெஸ். முன்னால் ஒரு லாரி, பின்னால் மூன்று டிரெய்லர், பெர்த்திலிருந்து வடக்கே குனனுரா வரை. பெரும்பாலும் இரவில்தான் ஓட்டுவான். டயர் சூடாகாது, சாலையில் சுற்றுலாக்காரர்கள் இருக்கமாட்டார்கள். நோலீன் இந்த மிட்லண்ட் வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அந்தச் சாலை அவளுக்குத் தொலைபேசியில் கேட்ட சாலை. பேய்ன்ஸ் ஃபைண்ட், மீகாதாரா, நியூமன். ஒவ்வொரு பெயரும் அவன் குரலுக்குப் பின்னால் ஓடும் ஓர் எஞ்சின் சத்தம், யாரோ காசு சரியில்லை என்று கத்துவது, அவ்வளவுதான். வேலையை விட்டதும் கூட்டிப்போகிறேன் என்றான். பிறகு அவன் முட்டி அறுவைச் சிகிச்சை வந்தது, மூத்த மகனின் விவாகரத்து வந்தது, பெருந்தொற்று வந்தது. இப்போது எழுபத்து நான்கு வயதில் ஒருவழியாக வேன் பதிவு செய்திருந்தான். தன் புருஷன் தன் ஆயுளில் பாதியை எங்கே செலவழித்தான் என்று பார்க்க நோலீனுக்கும் ஆசை இருந்தது. அதில் பொய் இல்லை.

ஆனால் மார்ச் மாதம் அவர்கள் கண் மருத்துவரிடம் போய் வந்திருந்தார்கள். மருத்துவர் சின்னப் பையன். டெஸ்ஸின் பார்வையைப் படமாகத் திரையில் காட்டினார். நடுவில் வெளுப்பாக இருந்தது. இரண்டு ஓரமும் கறுப்பு, இடப்பக்கம் கூடுதல். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரங்களைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து மிச்சத்தைக் காக்கும் என்றார். நேர்ப்பார்வை நன்றாக இருப்பதால் உங்களுக்கே தெரியாது என்றார். ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிடுகிறேன் என்றான் டெஸ். வெளியே வந்ததும் வேலி ஓரத்தில் நின்ற காரின் நம்பரை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவனே வீட்டுக்கு ஓட்டி வந்தான். அதன்பிறகு அந்தப் பேச்சே இல்லை. காலையும் மாலையும் தலையைச் சாய்த்து ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டுக்கொள்வான். அவனைப் பொறுத்தவரை நோய் என்பது அந்த மருந்துதான். விட்டாயிற்று, தீர்ந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவோரக் குப்பைத்தொட்டியை இடித்தான். கடை வாசலில் தள்ளுவண்டி ஒன்றை இடித்தான். மே மாதம் ஒரு ரவுண்டானாவில் இடப்பக்கம் சைக்கிளில் வந்தவன் நசுங்காமல் தப்பியது தன் நீளமான காலால்தான். காலை ஊன்றி நின்று, கார் கூரையில் ஓங்கி அறைந்தான். எங்கிருந்துடா முளைச்ச என்று டெஸ் கத்தினான். சைக்கிள்காரன் எங்கிருந்தும் முளைக்கவில்லை. எல்லோரும் வருகிற இடத்திலிருந்துதான் வந்தான். நோலீன் அவனை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், டெஸ்ஸும் பார்க்கிறான் என்று நம்பிக்கொண்டு. வடக்கே சைக்கிள் கிடையாது. கங்காரு, ஈமு, வேலி தாண்டிய மாடு. எல்லாம் பக்கவாட்டில்தான் வரும்.

டெஸ்ஸிடம் அவள் எதையும் சொல்லியிருக்கிறாள். அவன் தம்பி திருடுகிறான் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு காலத்தில், உன்னை விட்டுப் போகப்போகிறேன் என்றுகூடச் சொல்லி, பெட்டியை எடுத்து வைத்திருக்கிறாள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. இனி ஓட்டாதே என்று சொல்லப்பட்ட லாரிக்காரர்களை அவளுக்குத் தெரியும். அதனால் யாரும் செத்துப்போகவில்லை. கிளப்பில் காலிக் கோப்பையோடு உட்கார்ந்து, பெண்டாட்டி எப்போது வந்து கூட்டிப்போவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் மூன்று வாரமாகப் படித்தாள். இவனை ஓட்டவிடமாட்டோம் என்று அச்சில் சொல்லும் ஒரு வரியைத் தேடினாள். அது கிடைத்தால், பார் டெஸ், இவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள், நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம். ஒரு நிறுவனம் எழுபத்தைந்து வயது நிறைந்த ஓட்டுநரை ஏற்பதில்லை என்று போட்டிருந்தது. டெஸ்ஸுக்கு நவம்பரில்தான் எழுபத்தைந்து. கண்ணெதிரே பஸ் போய்விட்டவள் மாதிரி அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் ஒரே விஷயத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். ஓட்டுவதைப் பாதிக்கும் உடல்நிலை இருப்பது தெரிந்தால், தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால் எதுவும் கிடையாது. டெஸ் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், என்று ஆரம்பித்தாள். எதிர்முனையில் இருந்தவன் நல்லவன். முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்கள் உங்கள் கணவரிடம் இதைப் பேசினீர்களா என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வேன் எடுக்கும் நாளும் வந்தது. விமான நிலையத்துக்குப் பின்னால் வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்கும் ஒரு கிடங்கு. கவுன்டரில் டானிக்கா என்ற பெண், பேத்தி வயது, நீளமான பச்சை நகங்கள். மூன்று வகைக் காப்பீடு போட்ட அட்டையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். பெட்ரோல் பங்கின் கூரையில் இடிக்காமல் வேனைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் குறைவு என்று எச்சரித்தாள். ஐம்பது மீட்டர் நீள வண்டியை ரிவர்ஸில் சந்துக்குள் விட்டவன் நான் என்றான் டெஸ். அவளுக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. எந்த ரூட் என்று கேட்டாள், அவன் சொன்னான். புயல் மழையில் பாலம் முழுகி நான்கு நாள் நடுவழியில் நின்று, சரக்காகப் போன டின் பீச் பழத்தையே தின்ற கதையையும் சொன்னான். அவன் நன்றாகச் சொல்வான். நோலீன் பயணக் காப்பீட்டை டோனா சொன்னபடி ஏற்கெனவே வாங்கியிருந்தாள். கவுன்டரில் இருந்ததிலும் உயர்ந்ததையே தொட்டுக் காட்டினாள். தண்டச் செலவு என்று டெஸ் முணுமுணுத்தாலும் அவன் சந்தோஷமாக இருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஓட்டப்போவது யார் என்று டானிக்கா கேட்டாள். டெஸ் உரிமத்தை எடுத்து வைத்தான். அவள் தட்டச்சு செய்துகொண்டே, எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் என்று சொல்லி, கண், வலிப்பு, இதயம், ஓட்டுவதற்கு இடைஞ்சலாக ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. மழை வந்தா முட்டி வலிக்கும். அத வேணா எழுதிக்கோ."

டானிக்கா சிரித்தாள். பச்சை நகம் ஒரு விசையைத் தட்டியது. நோலீனுக்கு அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவு சுலபம். மூன்று வாரம் அவள் சுமந்துகொண்டிருந்ததை ஒரே தட்டலில் முடித்துவிட்டார்கள்.

அவள் கைப்பையைத் திறந்து தன் உரிமத்தை எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். டெஸ்ஸின் உரிமத்தை ஒரு விரலால் அவன் பக்கமே நகர்த்தினாள்.

"என் பேர் மட்டும் போடும்மா."

ரெண்டு பேர் வரைக்கும் கூடுதல் கட்டணம் கிடையாதே என்றாள் டானிக்கா.

"இவ பேரா?" டெஸ் கவுன்டரில் முழங்கையை ஊன்றினான். "இவ இதுவரைக்கும் ஓட்டின பெரிய வண்டி சூப்பர்மார்க்கெட்ல தள்றதுதான். ரெண்டையும் போடு கண்ணு. கெழவி வெளையாடுறா."

"அவர் ஓட்டலம்மா."

"நோல்."

"அவருக்குப் பக்கத்துல வர்றது தெரியாது. ரெண்டு பக்கமும். டாக்டர் மார்ச்லயே சொல்லிட்டார்." டானிக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள். டெஸ்ஸைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

டானிக்கா திரையைப் பார்த்தாள். அழிக்கும் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டினாள். டெஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துதான், ஆனால் குடும்பப் பெயர் நீளம். டெஸ் உரிமத்தை எடுத்து, பர்ஸில் அதற்குரிய இடத்தில் சொருகி, பர்ஸைப் பின்பையில் வைத்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

டானிக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரத்து பண்றதா இருந்தா, உங்க ட்ராவல் பாலிசில இது வருமான்னு பாக்கணும்மா."

"வராது," என்றாள் நோலீன். "படிச்சிட்டேன்."

கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவன் டாக்ஸி கூப்பிட்டுப் போயிருப்பான் என்றுதான் எதிர்பார்த்தாள். அவன் வேனைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு டயராக உதைத்தான். காஸ் சிலிண்டரின் மூடியைத் திருகிப் பார்த்தான். கண்ணாடிகளைக் கைக்குட்டையால் துடைத்தான். கடைசியில் இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். நோலீன் ஏறினாள். ஸ்டியரிங் சக்கரம் உணவுத்தட்டு மாதிரி படுத்திருந்தது. இடிக்காமல் வாசலைத் தாண்ட அவள் இரண்டு முறை வேனைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அவன் உதவவில்லை. குறையும் சொல்லவில்லை.

பிண்டூனில் நிறுத்தி இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி வாங்கினார்கள். அவன் தன்னுடையதை நின்றுகொண்டே தின்றான். அவள் ஏதோ கேட்டாள், ம் என்றான். நியூ நார்சியாவைத் தாண்டி, கோதுமை வயல்களைத் தாண்டி, மூன்று மணி நேரம் அவள் பேசும் ஆசையே இல்லாத ஒருவனோடு ஓட்டினாள். வருந்துகிறேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சொன்னதற்கு வருந்தவில்லை. ஓர் அந்நியப் பெண்ணின் முன்னால், அவன் அவ்வளவு நன்றாகக் கதை சொல்லி முடித்த கையோடு சொன்னதற்கு வருந்தினாள். வீட்டு மேசையில் சொல்லியிருக்கலாம். வீட்டு மேசையில் சொல்லியிருந்தால் அவன் ஒரு ஜோக் அடித்து முட்டையைத் திருப்பிப் போட்டிருப்பான், அதுவும் அவளுக்குத் தெரியும்.

வூபினைத் தாண்டியதும் வயல்கள் நின்றுவிட்டன. மண் சிவந்தது. சாலை நேராக ஓடி, தொலைவில் கானலில் உருகியது. அந்த உருகலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மிதந்து மேலே வந்தது. முதலில் உயரமாக, பிறகு அகலமாக. மூன்று டிரெய்லர். நோலீன் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"இறுக்காத," என்றான் டெஸ். கவுன்டரை விட்டு வந்த பிறகு அவன் பேசிய முதல் முழு வார்த்தை. "அவன் காத்து மொதல்ல தள்ளும். அப்புறம் இழுக்கும். நீ ஒண்ணும் பண்ணாத. நேரா வச்சிரு, போதும்."

வண்டி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தாடிக்காரன் ஒருவன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினான். அதே கணத்தில் டெஸ்ஸின் முட்டியில் கிடந்த வலது கையிலும் அந்த விரல் தானாக எழுந்தது. தாடிக்காரன் அதைப் பார்க்கவில்லை. அவன் நோலீனைத்தான் பார்த்தான். பிறகு காற்று அறைந்தது, வேன் ஆடியது, முதல் டிரெய்லர், இரண்டாவது, மூன்றாவது, செம்புழுதி, அப்புறம் மீண்டும் வெறும் சாலை.

டெஸ் தன் விரலைப் பார்த்தான். மெதுவாக மடக்கிக்கொண்டான்.

"உனக்குத்தான் தூக்கினான்," என்றான். "இந்த ரோட்டுல அப்படித்தான். வண்டி ஓட்டுறவங்க ஒருத்தருக்கொருத்தர் தூக்கணும். அடுத்தவனுக்கு நீ திருப்பித் தூக்கு. இல்லன்னா டூரிஸ்ட்டுனு நெனப்பான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. தொலைவில், கானலின் விளிம்பில், இன்னொரு கறுப்புப் புள்ளி தரையிலிருந்து பிரிந்து மேலே எழுந்துகொண்டிருந்தது. நோலீன் சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் விடுவிக்கப் பார்த்தாள். அது மற்ற விரல்களோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் மறுபடி முயன்றாள்.