கொக்கியில் தொங்கிய கருவி

"தூசி பதினோராவது இடம்," என்றார் டாக்டரம்மா.

சுரங்கத் தொழிலாளர்களைப் பாதிக்கும் பன்னிரண்டு பிரச்சினைகள் சுவரில் ஒட்டியிருந்தன. முதல் மூன்றுக்குத்தான் ஆராய்ச்சி. தொழிலாளர் சார்பில் வந்திருந்தவர் பாறையில் துளை போடும் டிரில்லர்.

"எப்படிம்மா? எங்க ஆளுங்க இருமுறது சுரங்க கேட்டுக்கு வெளியவே கேக்குமே!"

"எனக்கும் கேட்டுச்சு அண்ணே. அளவு அப்படிச் சொல்லலையே. ஆறு மாசம் நீங்கல்லாம் சட்டையில மாட்டியிருந்த தூசி அளக்குற கருவியில தூசியே இல்ல. இந்த ரூமே அதைவிட மோசம்."

"அப்ப அடுத்த கூட்டத்தைச் சுரங்கத்துக்குள்ள போய் வச்சுக்கலாம்," என்றார் சுரங்க மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். டிரில்லரும் சிரித்துவைத்தார்.

கருவிகள் சட்டையில் இருக்கவில்லை. தூசி அளவு ஏறினால் அவர்கள் வேலை செய்யும் குடைவை மூடிவிடுவார்கள், வேலை போய்விடும் என்ற பயம். ஷிஃப்ட் தொடங்கியதும், வெளிக்காற்று நுழையும் வாசலில் ஒரு கொக்கியில் டிரில்லர் மாட்டிவிட்டுப் போவார். தன்னுடையதை மட்டுமா? கூட வேலை செய்த எல்லோருடையதையும், மனைவியின் தம்பியுடையதையும்கூட.

"வேணாம் மாமா, தப்பு," என்றிருந்தான் அவன்.

"பெரிய நீதிபதி! குடுடா இங்க."

கூட்டம் முடிந்ததென்று டாக்டரம்மா பேனாவை மூடப்போனார்.

"அம்மா, அந்தக் கணக்கைக் கிழிச்சுப் போடுங்க," என்றார் டிரில்லர். கொக்கியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மேனேஜர் சிரிக்கவில்லை. டாக்டரம்மா எழுந்து தூசி என்ற தாளைப் பிய்த்து எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டினார்.

"மறுபடி ஆறு மாசம் அளக்கணும். உங்க மச்சினனும் போட்டுக்குவாரா?"

"அவன் இப்பல்லாம் சுரங்கத்துல இறங்குறதில்லம்மா. நாலு படி ஏறவே நடுவுல உக்காந்துக்குறான்."

வீட்டில் மைத்துனன் தலையணையில் சாய்ந்திருந்தான்.

"தூசி எத்தனாவது இடம் மாமா?"

"முதல் இடம்."

"அடேங்கப்பா! பேசியே சாதிச்சிட்டீங்க!" சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"சாதிக்கல மாப்ளே. கொக்கி விஷயத்தைச் சொல்லிட்டேன்."

அவன் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அக்காகிட்ட?"

"இல்ல."

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. டிரில்லரின் மனைவி ஈரக் கையோடு வந்து தம்பியின் காலடியில் நின்றாள்.

"என்ன கொக்கி?"

மைத்துனன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"நீ முதல்ல உக்காரு," என்றார் டிரில்லர்.